கம்ப்ரசர் போட்டதும் குரல் கெடுகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

என் பெரியப்பா நன்றாகக் கதை சொல்வார். சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதத்தில் அவரை உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் ரெக்கார்ட் செய்தேன். மைக் ப்ரீஆம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில், இரவல் வாங்கி வந்த ஒரு கம்ப்ரசர் பெட்டி, அதாவது சத்தமான இடங்களைத் தானாகக் குறைத்துத் தரும் கருவி. மறுநாள் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுத் திரும்பினார்: "ஏன்டா, எனக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு யாருடா பெருமூச்சு விடறது?"

யாரும் இல்லை. சீலிங் ஃபேன்தான். அவர் பேசும்போது அடங்கி, நிறுத்தும்போதெல்லாம் "ஹ்ஹ்ஹா" என்று எழுந்து வந்தது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு முழு நேரமும் கேட்ட எனக்கு அது உறைக்கவில்லை. கம்ப்ரசர் என்ற சொல்லையே கேட்டிராதவர் இரண்டு நிமிடத்தில் பிடித்துவிட்டார்.

கம்ப்ரசர் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் பாடங்கள் நிறைய இருக்கின்றன. கெட்டுப்போன ஒலியைக் கையில் வைத்துக்கொண்டு "இது ஏன் இப்படி?" என்று நிற்பவருக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் ஒற்றைக் குரலை ரெக்கார்ட் செய்பவரைத்தான் மனதில் வைத்திருக்கிறேன். கதை வாசிப்பு, பாட்காஸ்ட், வீடியோவுக்கான பின்னணிக் குரல் மாதிரி. மிருதங்கம் ஓர் இடத்தில் எட்டிப்பார்க்கும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

இந்தக் கணக்கு புரிந்தால் கீழே வரும் கோளாறுகளில் பாதி தானாகப் புரிந்துவிடும். டிஜிட்டல் மீட்டரில் 0 தான் உச்சி, மற்றதெல்லாம் அதற்குக் கீழே. ஒருவர் சத்தமாகப் பேசும் இடம் -8 டெசிபல், மெல்லப் பேசும் இடம் -30, பேசாமல் இருக்கும்போது கேட்கும் ஃபேன் -62 என்று வைத்துக்கொள்வோம். த்ரெஷோல்டை, அதாவது கம்ப்ரசர் வேலையைத் தொடங்கும் எல்லையை, -20இல் வைத்து, எல்லை தாண்டியதை எத்தனையில் ஒரு பங்காக்குவது என்று சொல்லும் ரேஷியோவை 4க்கு 1 என்று வைக்கிறோம். -8 என்பது த்ரெஷோல்டுக்கு 12 டெசிபல் மேலே. அந்த 12ஐ நாலில் ஒரு பங்காக்கினால் 3. ஆக, சத்தமான இடம் -17க்கு இறங்குகிறது. கம்ப்ரசர் குறைத்தது 9 டெசிபல். மெல்லப் பேசிய -30ஐ அது தொடவே இல்லை.

இப்போது எல்லாம் அமுங்கிக் கேட்கிறதே என்று, மொத்த ஒலியையும் ஏற்றும் மேக்கப் கெயினில் 9 டெசிபலைத் திருப்பிக் கொடுக்கிறோம். சத்தமான இடம் பழையபடி -8, மெல்லிய பேச்சு -21. நாம் கேட்டது இதைத்தான். கேட்காமல் வந்தது ஒன்று இருக்கிறது: ஃபேன் -53க்கு ஏறிவிட்டது. அமேசானின் ஆடியோபுக் தளமான ஏசிஎக்ஸ், பின்னணி இரைச்சல் -60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. ஃபேனை வைத்துக்கொண்டே தேறியிருக்க வேண்டிய ஃபைல் மேக்கப் கெயினால் தேறாமல் போகிறது.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது பைபாஸ் சோதனை. கம்ப்ரசர் போட்டபோதும் எடுத்தபோதும் ஒரே அளவு சத்தமாகக் கேட்கும்படி மேக்கப் கெயினைச் சரிசெய்துவிட்டு, பைபாஸ் பட்டனை மாற்றி மாற்றி அழுத்திக் கேளுங்கள். சத்தம் சமமாக இல்லாவிட்டால் இந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. சத்தமாக இருப்பதுதான் நன்றாக இருக்கிறது என்று காது சொல்லிவிடும். பைபாஸிலும் கோளாறு அப்படியே கேட்டால் கம்ப்ரசரை விட்டுவிட்டு மைக் பக்கம் போங்கள்.

மீட்டர் அசையவே இல்லை

த்ரெஷோல்ட் உங்கள் குரலுக்கு மேலே எங்கேயோ நிற்கிறது. உச்சம் -18இல் ரெக்கார்ட் செய்துவிட்டு த்ரெஷோல்டை -12இல் வைத்தால் கம்ப்ரசர் என்ன செய்யும்? சும்மா இருக்கும். யூடியூபில் யாரோ சொன்ன த்ரெஷோல்ட் எண்ணை அப்படியே எடுத்துப் போடுவதால் வருவது இது. ரேஷியோவை ஒருவரிடமிருந்து கடன் வாங்கலாம், த்ரெஷோல்டை வாங்க முடியாது. பேச்சை ஓடவிட்டு, எவ்வளவு குறைக்கிறது என்று காட்டும் கெயின் ரிடக்ஷன் மீட்டரில் சத்தமான சொற்களுக்கு 3 முதல் 6 டெசிபல் வரை விழும்வரை த்ரெஷோல்டைக் கீழே இழுங்கள்.

பெட்டியாக இருக்கும் கம்ப்ரசர் என்றால் பின்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். பல பெட்டிகளில் +4, -10 என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். ஒன்று ஸ்டுடியோக் கருவிகளின் அளவு, மற்றது வீட்டுக் கருவிகளின் அளவு. இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 12 டெசிபல் வித்தியாசம். அது மாறிக் கிடந்தால் மீட்டர் அசையவே அசையாது, அல்லது அடிமட்டத்தில் ஒட்டிக்கொண்டு எழவே எழாது.

குரல் கரகரக்கிறது

இதில் இரண்டு வகை உண்டு. மருந்து வேறு வேறு என்பதால் முதலில் பிரித்துவிட வேண்டும்.

கம்ப்ரசர் போடாத மூல ஃபைலைத் திறந்து, சத்தமான இடத்தில் வேவ்ஃபார்மைப் பெரிதாக்கிப் பாருங்கள். மலை உச்சி மாதிரி இருக்க வேண்டிய இடம் மொட்டை மாடி மாதிரி தட்டையாக இருக்கிறதா? அது கிளிப். "கம்ப்ரசர் போட்டிருந்தேனே, எப்படிக் கிளிப் ஆகும்?" என்று பலர் கேட்கிறார்கள். நீங்கள் போட்டது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ப்ளக்இன். மைக்கிலிருந்து வந்த மின்சாரம் இன்டர்ஃபேஸில் எண்களாக மாறிய பிறகுதான் அது ப்ளக்இன் கைக்கு வருகிறது. மாறும்போதே தலை வெட்டுப்பட்டிருந்தால் ப்ளக்இன் அந்த மொட்டைத் தலையைத்தான் அமுக்கித் தரும். ஒரே வழி, இன்டர்ஃபேஸின் கெயின் குமிழைக் குறைப்பது. 24 பிட்டில் ரெக்கார்ட் செய்தால் உச்சம் -12 அளவில் நின்றாலே போதும். 16 பிட் கொடுக்கும் இடைவெளி ஏட்டளவில் 96 டெசிபல், 24 பிட் கொடுப்பது 144. மேலே 12 டெசிபல் காலியாக விடுவதால் எதுவும் கெட்டுவிடாது. மீட்டர் சிவப்பைத் தொட்டுத் தொட்டு வந்தால்தான் நல்ல ரெக்கார்டிங் என்ற பழக்கம் டேப் காலத்துச் சொத்து. டேப்பில் அடியில் 'உஸ்' என்று இரைச்சல் எப்போதும் ஓடியது. அதற்கு மேலே குரலைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது, அதற்குத்தான் ரெக்கார்டிங் நேரத்திலேயே கம்ப்ரசர் தேவைப்பட்டது.

மூல ஃபைல் சுத்தமாக இருந்து, கம்ப்ரசர் போட்டபின் மட்டும் கரகரத்தால், சத்தம் இறங்கியதும் பிடியை விட அது எடுக்கும் நேரமான ரிலீஸைப் பாருங்கள். ஆண் குரலின் அடிச்சுருதி 110 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு அலை முடிய 9 மில்லி செகண்ட் ஆகிறது. அட்டாக் (சத்தம் ஏறியதும் அமுக்க எடுக்கும் நேரம்) 0.1, ரிலீஸ் 5 மில்லி செகண்ட் என்று வைத்தால் கம்ப்ரசர் ஒவ்வொரு அலைக்குள்ளேயும் அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்குகிறது. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர வேண்டியது, அலையின் வடிவத்தையே நெளிக்கத் தொடங்கிவிடுகிறது. இது குறிலில் அவ்வளவாகத் தெரியாது, நெடிலில் காட்டிக்கொடுத்துவிடும். "ஆமாம்", "ஓடோடி வந்தான்" என்று இழுத்துச் சொல்லிப் பாருங்கள். 'ஆ'வின் அடியில் மணல் அரைபடுவது போல் கேட்டால் ரிலீஸை 80 மில்லி செகண்டுக்கு மேலே ஏற்றுங்கள். மணல் நின்றுவிடும்.

யாரோ பெருமூச்சு விடுகிறார்கள்

பெரியப்பாவின் கோளாறு. ஆங்கிலத்தில் இதைப் பம்பிங் என்பார்கள், நமக்குப் பெருமூச்சு என்ற பெயரே போதும்.

மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் உரக்கப் பேசும்போது கம்ப்ரசர் 9 டெசிபல் குறைக்கிறது, மேக்கப் 9 டெசிபல் கூட்டுகிறது. அந்த நேரத்தில் ஃபேன் இருப்பது பழைய -62இல், குரலுக்கு அடியில், யார் காதுக்கும் எட்டாமல். வாக்கியம் முடிகிறது. கம்ப்ரசர் பிடியை விடுகிறது, மேக்கப் மட்டும் மிஞ்சுகிறது. ஃபேன் -53க்கு எழுகிறது. அடுத்த வாக்கியம் தொடங்கியதும் மறுபடி உட்காருகிறது. ஃபேன் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தால் காது அதை மறந்துவிடும். ஏறி இறங்கினால் மறக்காது. எவ்வளவு சத்தம் என்பதைவிட அது அசைகிறது என்பதுதான் எரிச்சலூட்டுகிறது.

என்ன செய்யலாம் என்பதில் ஒரு வரிசை உண்டு, அதை மாற்றாதீர்கள்.

ஃபேனை நிறுத்துங்கள். மே மாதத்தில் இதைச் சொல்வது எளிது என்று தெரியும். பத்து நிமிடம் பேசி, ஐந்து நிமிடம் ஃபேன் போட்டு, மறுபடி பத்து நிமிடம் என்று எடுத்தால் பெரியவர்களும் ஒத்துக்கொள்வார்கள். அந்த இடைவேளையில்தான் நல்ல கிளைக்கதைகள் வரும், மைக்கை அணைத்துவிடாதீர்கள்.

அடுத்தது, அமுக்கும் அளவு. கெயின் ரிடக்ஷன் எத்தனை டெசிபலோ அத்தனை டெசிபல்தான் பெருமூச்சு. 9 விழுந்த இடத்தில் 4 விழும்படி த்ரெஷோல்டை ஏற்றினால் ஃபேனும் 4 டெசிபல்தான் எழும். அதுவே பல நேரம் போதும்.

அதன் பிறகு ரிலீஸ். 50 மில்லி செகண்டில் இருந்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் கூட ஃபேன் எழும். 250, 300 என்று ஏற்றிப் பாருங்கள். சொற்களுக்கு இடையே கம்ப்ரசர் பிடியை முழுதாக விடாது. மீட்டரின் முள் வாக்கியத்துக்கு வாக்கியம் எழுந்தால் சரி, சொல்லுக்குச் சொல் துள்ளினால் ரிலீஸ் வேகம் அதிகம். ஒரேயடியாக 2 செகண்டுக்குப் போனாலும் தொல்லை: ஒரு சொல்லை உரக்கச் சொன்னால் பின்னால் வரும் நாலு சொற்கள் பள்ளத்தில் விழுந்துவிடும்.

இரைச்சலை நீக்கும் ப்ளக்இன் போடுவதாக இருந்தால் அது கம்ப்ரசருக்கு முன்னால் இருக்க வேண்டும். அதற்கு ஃபேன் -62இல் அசையாமல் நிற்க வேண்டும், அப்போதுதான் எது ஃபேன், எது குரல் என்று பிரிக்க முடியும். கம்ப்ரசருக்குப் பின்னால் போட்டால் ஏறி இறங்கும் ஃபேனை விரட்டிக்கொண்டு அலையும். ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனதும் அடைத்துவிடும் கேட் போடுவோருக்கும் இதே வரிசைதான். எனக்குக் கேட் பிடிக்காது. கதவை அறைந்து சாத்தியது போல் திடீரென்று மயான அமைதி வந்து, பெருமூச்சைவிட அதிகமாகக் காதை உறுத்துகிறது. எக்ஸ்பேண்டர் என்று ஒன்று இருக்கும், அதில் 6 முதல் 10 டெசிபல் மட்டும் மெல்லக் குறைத்தால் யாருக்கும் தெரியாது.

'பாட்டி' என்றதும் 'ட்டி' அமுங்குகிறது

'ப' வாயிலிருந்து காற்றோடு வெடிக்கிறது. உள்ளங்கையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு "பாட்டி", "அப்பா", "உப்பு" என்று சொல்லுங்கள், கையில் படும். அந்தக் காற்று மைக்கில் 100 ஹெர்ட்ஸைச் சுற்றியும் அதற்குக் கீழும் ஒரு பெரிய 'தும்' ஆகப் பதிகிறது. சின்ன ஸ்பீக்கரில் நமக்கு அது கேட்காமலேகூடப் போகலாம், கம்ப்ரசர் விடாது. யாரோ கத்திவிட்டார்கள் என்று நினைத்து முழுக் குரலையும் கீழே அழுத்துகிறது. 'ப'வுக்குப் பின்னால் வந்த பாவத்துக்கு 'ட்டி' தண்டனை அனுபவிக்கிறது.

மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்துப் பக்கம் நகர்த்தி, வாயைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் இருந்தால் மாட்டுங்கள். பிறகு கம்ப்ரசருக்கு முன்னால் அடிச்சத்தத்தை வெட்டும் ஒரு ஹைபாஸ் ஃபில்டர், 80 ஹெர்ட்ஸில். பெண் குரலுக்கு 100 வரை தயங்காமல் போகலாம். குரலின் அடிப்பகுதியை இழக்க மனமில்லை என்றால், பல கம்ப்ரசர்களில் சைட்செயின் ஃபில்டர் என்று தனியாக ஒன்று இருக்கும். அது ஒலியைத் தொடாது. கம்ப்ரசரின் காதில் மட்டும் பஞ்சை வைத்து, அடிச்சத்தத்தைக் கேட்காதே என்று சொல்லிவிடும்.

'ஸ்' காதில் குத்துகிறது

"சொன்னான்", "சாயங்காலம்", "பஸ்" எல்லாம் ஊசியாகக் கேட்கின்றன. கம்ப்ரசர் போடுவதற்கு முன் இல்லாத குத்தல், போட்டபின் வந்திருக்கிறது. ஏனென்றால் 'ஸ்' ஒலியின் பலம் எல்லாம் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் பகுதியில் மெல்லிய கீற்றாக இருக்கிறது. மொத்த அளவில் அது உயிரெழுத்தைவிடக் குறைவு. த்ரெஷோல்டைத் தொடாமல் அடியில் நழுவிப் போய்விடுகிறது. 'ஆ'வும் 'ஓ'வும் 6 டெசிபல் அடி வாங்க, 'ஸ்' மட்டும் மேக்கப் கெயினில் 6 டெசிபல் பரிசு வாங்குகிறது.

டீஎஸ்ஸர் என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. அந்த உயர்ந்த பகுதியை மட்டும் கவனித்து அமுக்கும் கம்ப்ரசர்தான் அது. 3, 4 டெசிபல் குறைத்தால் போதும். பேராசைப்பட்டால் 'சொன்னான்' என்பது 'தொன்னான்' ஆகி, பேசுபவர் மூன்று வயதுக் குழந்தையாகிவிடுவார். ஐந்து நிமிட வேலை என்றால் நான் டீஎஸ்ஸரே போடுவதில்லை. ஒவ்வொரு 'ஸ்'ஸையும் வேவ்ஃபார்மில் கண்ணால் கண்டுபிடித்து, அதன் அளவை மட்டும் 4 டெசிபல் இறக்கிவிடுவேன். முழுக்க இரைச்சலாக, பஞ்சு உருண்டை மாதிரி தெரியும், ஒருமுறை பழகிவிட்டால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்.

குரல் தெளிவாக இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை

இதுதான் சொல்லத் தெரியாத கோளாறு. எதுவும் கரகரக்கவில்லை, எதுவும் எழவில்லை. ஆனால் பேசுபவர் தலையணைக்குப் பின்னாலிருந்து பேசுவது போல் இருக்கிறது. வல்லினத்தைக் கேளுங்கள். "கட்டினான்", "தட்டு", "பற்று". 'ட்ட', 'ற்ற' எல்லாம் முனை மழுங்கி, வல்லினமெல்லாம் மெல்லினமாகிவிட்டதா? அட்டாக் வேகம் அதிகம்.

ஒரு வல்லினத்தின் அடி தொடக்கத்தில் ஒரு சில மில்லி செகண்டுகளில் முடிந்துவிடுகிறது. அட்டாக் 1 மில்லி செகண்டில் இருந்தால் அந்த அடி விழும்போதே கம்ப்ரசர் கையைப் பிடித்துவிடும். 10 முதல் 20 வரை விட்டால் முனை தப்பித்து வெளியே வரும், பின்னால் வரும் உயிர் மட்டும் அடங்கும்.

மிருதங்கத்தில் இது இன்னும் அப்பட்டம். வலக்கைப் பக்கமான வலந்தலையில் விழும் 'நம்' என்ற சொல்லின் முனை போய்விட்டால் வாசித்தவர் விரலே போய்விட்ட மாதிரி. 20, 30 மில்லி செகண்ட் அட்டாக் வைத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரே மைக்கில் எடுத்திருந்தால் இன்னொன்றும் நடக்கும்: இடக்கைப் பக்கமான தொப்பியில் 'தோம்' விழும்போதெல்லாம் வலந்தலைச் சொற்கள் ஒரு படி கீழே போகும். 'ப'வுக்குச் சொன்ன அதே சைட்செயின் ஃபில்டர் இங்கேயும் உதவும்.

அட்டாக்கை மாற்றும்போது குமிழ் எந்தப் பக்கம் வேகம் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1967இல் வந்த 1176 என்ற கம்ப்ரசரில் 1 என்பது மெதுவு, 7 என்பது வேகம். அதைப் பார்த்துச் செய்த ப்ளக்இன்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. மெதுவாக்குகிறோம் என்று நினைத்து 7க்குத் திருப்புகிறவர்கள் அநேகம் பேர். அதிலும் அந்தக் கருவியின் மெதுவான அட்டாக்கே 0.8 மில்லி செகண்ட்தான். ஆக, அதில் எங்கே திருப்பினாலும் வல்லினத்துக்கு முழு விடுதலை கிடையாது. முனை வேண்டும் என்றால் வேறு கம்ப்ரசருக்குப் போங்கள்.

அடாசிட்டி என்ற ரெக்கார்டிங் மென்பொருளின் பழைய கம்ப்ரசரில் சிக்கல் தலைகீழ். அதில் அட்டாக்கை 0.1 செகண்டுக்குக் கீழே கொண்டுபோகவே முடியாது. அது 100 மில்லி செகண்ட், ஒரு சின்னச் சொல் பாதி முடிந்திருக்கும். 2024இல் வந்த 3.6 பதிப்பில் கம்ப்ரசரையே புதிதாக மாற்றிவிட்டார்கள். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு போராடுபவர்கள் முதலில் அதை அப்டேட் செய்யுங்கள்.

ஓபிஎஸ் என்ற மென்பொருளில் நேரலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் கம்ப்ரசர் ஃபில்டர் தானாகக் கொண்டு வரும் அளவுகள் ரேஷியோ 10க்கு 1, த்ரெஷோல்ட் -18, அட்டாக் 6, ரிலீஸ் 60. சத்தமாகப் பேசும் ஆளை 10க்கு 1 இல் விட்டால் பேச்சு இஸ்திரி போட்டது போல் ஆகிவிடும். 3க்கு 1, ரிலீஸ் 150 என்று மாற்றிவிட்டுப் பிறகு த்ரெஷோல்டைத் தேடுங்கள்.

அறை எதிரொலிக்கிறது

மூல ஃபைலில் அறை ஓரமாக நின்றது. கம்ப்ரசர் போட்டதும் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஃபேனுக்கு நடந்ததுதான் இதற்கும் நடக்கிறது: சொல் முடிந்ததும் பிடி விடுபட, சொல்லின் வால் மேலே எழுகிறது. ரிலீஸை நீட்டினால் கொஞ்சம் அடங்கும். உண்மையான மருந்து மைக் தூரத்தில் இருக்கிறது. 30 சென்டிமீட்டரில் இருந்த வாயை 15க்குக் கொண்டுவந்தால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், அறை கூடாது. பக்கத்தில் வந்தால் பல மைக்குகளில் அடிக்குரல் கனமாகும், அதை ஹைபாஸ் பார்த்துக்கொள்ளும். பேசுபவருக்குப் பின்னால் துணி நிறைந்த பீரோவைத் திறந்து வையுங்கள், மேசை மேல் ஜமக்காளத்தை விரியுங்கள். டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள ஹாலில் எடுத்ததை எந்தக் கம்ப்ரசரும் காப்பாற்றாது.

கம்ப்ரசர் போட்டும் ஏற்ற இறக்கம் போகவில்லை

முதல் பக்கத்தை நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தார், பத்தாம் பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். இந்த மாதிரி நீண்ட வித்தியாசத்துக்குக் கம்ப்ரசர் சரியான ஆளில்லை. அதன் கணக்கெல்லாம் மில்லி செகண்டில் நடப்பது. தாழ்ந்த பத்திகளைத் தேர்ந்தெடுத்துக் கையால் 4, 5 டெசிபல் ஏற்றுங்கள், கத்திய இடங்களை இறக்குங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் அதைச் செய்துவிட்டுக் கம்ப்ரசருக்கு அனுப்பினால் அது பாதி வேலையில் இருமடங்கு நன்றாக நடந்துகொள்ளும்.

அப்புறமும் போதவில்லை என்றால் ஒன்றையே 6 டெசிபல் அமுக்கச் சொல்லாதீர்கள், இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். முன்னால் வேகமான ஒன்று, திடீரென்று துள்ளும் சொற்களை மட்டும் 3 டெசிபல் பிடிக்கட்டும். பின்னால் மெதுவான ஒன்று, மொத்தக் குரலையும் 3 டெசிபல் அணைத்துக்கொள்ளட்டும். ஸ்டுடியோக்களில் 1176க்குப் பின்னால் எல்ஏ-2ஏ என்ற கம்ப்ரசரை வைப்பது இதற்காகத்தான். அந்த எல்ஏ-2ஏக்குள் ஒரு சின்ன விளக்கும் வெளிச்சத்தை உணரும் ஒரு பொருளும் இருக்கின்றன. குரல் கூடினால் விளக்கு கூடுகிறது, அதைப் பார்த்து ஒலி குறைகிறது. சத்தம் நின்றதும் பாதி தூரம் சட்டென்று திரும்பி, மீதியைச் சோம்பலாக, சில நேரம் பல செகண்டுகள் எடுத்துக்கொண்டு விடுகிறது. குமிழ்கள் இரண்டே இரண்டு. குமிழ்களோடு மல்லுக்கட்டி அலுத்துப்போனவர்கள் அதன் ப்ளக்இன் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அட்டாக், ரிலீஸ் கேள்வியே எழாது.

'மற்றவர்கள் வீடியோ அளவுக்குச் சத்தம் வரவில்லை' என்பது வேறு புகார். அதற்கு, குறித்த உச்சத்தை ஒலி தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர்தான் ஆள். யூடியூப் -14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதற்கான அலகு) மேலே போனதைத் தானே குறைத்துவிடும், தாழ்ந்ததை ஏற்றித் தராது. ஆப்பிள் பாட்காஸ்டுக்கு -16. அந்த எண்ணை எட்டியதும் நிறுத்திவிடுங்கள்.

கம்ப்ரசரே போடவில்லை, ஆனாலும் பெருமூச்சு

நீங்கள் போடவில்லை, வேறு யாரோ போட்டிருக்கிறார்கள். போன் ஆப்பில், கையடக்க ரெக்கார்டரில், வீடியோ அழைப்பு மென்பொருளில், சில சமயம் கம்ப்யூட்டரின் மைக் செட்டிங்கிலேயே ஆட்டோ லெவல் என்றோ மேம்பாடு என்றோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அடையாளம் இதுதான்: நாலு செகண்ட் மௌனமாக இருந்துவிட்டுப் பேசினால் முதல் சொல் வெடித்து வரும், அடுத்த சொல் அடங்கும். மௌனத்தின்போது இரைச்சல் படிப்படியாக ஏறுவதை வேவ்ஃபார்மிலேயே பார்க்கலாம். அதை அணைத்துவிட்டு, கெயினைக் கையால் வைத்து மறுபடி எடுங்கள். அதன் மேல் இன்னொரு கம்ப்ரசர் போட்டால் பெருமூச்சுக்கே பெருமூச்சு வரும்.

ஹெட்ஃபோனில் என் குரல் தாமதமாக வருகிறது

ப்ளக்இன் வழியாகத் தன் குரலைக் கேட்டுக்கொண்டே பேசுபவருக்கு வருவது. 48,000 சாம்பிள் வேகத்தில் பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் சாம்பிள்கள்) 512 என்றால் ஒரு வழிக்கே ஏறக்குறைய 11 மில்லி செகண்ட். 128 ஆக்கினால் 3க்குள் வந்துவிடும். கம்ப்ரசரில், வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்க்கும் லுக்அஹெட் இருந்தால் ரெக்கார்டிங் முடியும்வரை அணைத்து வையுங்கள், அதுவும் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். இன்டர்ஃபேஸில் நேரடியாகக் கேட்கும் ஸ்விட்ச் இருந்தால் அதுவே மேல்.

பாடுபவர்களுக்குக் காதில் அதிகமாக அமுக்கிய குரலைக் கொடுக்காதீர்கள். எவ்வளவு மெல்லப் பாடினாலும் பெரிதாகக் கேட்பதால் அவர்கள் தங்களை அறியாமல் குரலைச் சுருக்கிக்கொள்வார்கள்.

பெட்டி வழியாக ரெக்கார்ட் ஆகிவிட்டது, இனி என்ன?

கம்ப்ரசர் குறைத்ததைத் திரும்பக் கூட்டும் பட்டன் எதுவும் இல்லை. எவ்வளவு குறைத்தது, எந்த நொடியில் விட்டது என்பது ஃபைலில் எழுதிவைக்கப்படவில்லை. செய்யக்கூடியது கொஞ்சம்தான். நிறுத்தங்களில் எழும் இரைச்சலைக் கையால் இறக்கலாம், ஒவ்வொன்றாக, உட்கார்ந்து. எக்ஸ்பேண்டர் ஓரளவு தாங்கும். மழுங்கிய வல்லினத்துக்கு எதுவும் இல்லை.

இனிமேல் பெட்டி வழியாகத்தான் எடுப்பேன் என்பவர்கள் அதில் 2, 3 டெசிபலுக்கு மேல் அமுக்காதீர்கள். இன்டர்ஃபேஸில் இரண்டு வழி இருந்தால் ஒன்றில் பெட்டி வழியாகவும் மற்றொன்றில் வெறும் மைக்காகவும் சேர்த்தே பதியுங்கள். நான் இப்போது பெட்டியையே தொடுவதில்லை. 24 பிட், உச்சம் -12, மற்றதெல்லாம் அப்புறம்.

பெரியப்பாவின் ஒன்றரை மணி நேரத்தில் நானூறு பெருமூச்சு இருந்தது. அறுபதுவரை கையால் இறக்கிவிட்டுக் கைவிட்டேன். கார்த்திகையில் ஃபேன் இல்லாமல் மறுபடி உட்காரவைத்தேன். ஒலி அருமையாக வந்தது. வீட்டுக்கு வந்து கேட்டால், மே மாதத்தில் சொன்ன ஒரு நல்ல கிளைக்கதையைக் காணோம். போன் செய்து கேட்டேன்.

"அதான் அன்னிக்கே சொல்லிட்டேனேடா" என்றார்.